வீட்டில் இருந்தே வக்கீல் ஆகலாமா?



பெங்களூரில் ஓர் அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். வீடு ஸ்ரீராம்புரத்தில். வேலை பீன்யாவில். கார்மெண்ட்ஸ் கம்பெனியில் தையல். ஆறு வருடம் உழைத்தார். வேலையை விட்டபோது கிராஜுவிட்டிப் பணம் வரவில்லை. ஐந்து வருடம் தொடர்ந்து வேலை செய்தவருக்கு அது சேர வேண்டிய பணம். அந்த அம்மாவுக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் கேட்டிருப்பார்.

இப்படி அடிபட்ட பிறகுதான் பலருக்குச் சட்டம் படிக்கும் ஆசை வருகிறது. தன்னால் முடியாவிட்டால் மகளாவது படிக்கட்டும் என்று நினைக்கிறார்கள். நல்ல ஆசைதான். அந்த நேரம் பார்த்து செல்போனில் ஒரு விளம்பரம் வருகிறது. வேலையை விட வேண்டாமாம். வீட்டில் இருந்தே எல்.எல்.பி. பட்டம் வாங்கலாமாம். முதல் தவணையை இன்றே கட்ட வேண்டுமாம்.

கட்டலாமா? கட்டக் கூடாது.

ஏன்? வக்கீல் தொழிலுக்கு நம் நாட்டில் ஒரு சட்டம் இருக்கிறது. அது 1961-இல் வந்த வழக்கறிஞர் சட்டம். யார் வக்கீல் ஆகலாம் என்பதற்கு இந்திய பார் கவுன்சில் விதி போடுகிறது. 2008-ஆம் ஆண்டு விதிப்படி, எல்.எல்.பி. படிப்பைக் கல்லூரிக்குப் போய்த்தான் படிக்க வேண்டும். நூறு வகுப்பு நடந்தால் எழுபதுக்காவது வர வேண்டும் என்று அதில் எழுதினார்கள். தபாலிலோ செல்போனிலோ மட்டும் படித்த பட்டத்தை வைத்துக் கருப்புக் கோட்டுப் போட முடியாது.

2020-இல் கொரோனா வந்தது. சட்டக் கல்லூரிகளும் செல்போனில் பாடம் நடத்தின. அதைப் பார்த்தவர்கள் இனி எல்லாம் அப்படித்தான் என்று எண்ணிக்கொண்டார்கள். அது அந்தக் கஷ்ட காலத்துக்கு மட்டும்தான்.

முன்பு தமிழ்நாட்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தபால் வழியில் பி.ஜி.எல். என்ற சட்டப் படிப்பை நடத்தியது. வேலையில் இருந்த பலர் அதைப் படித்தார்கள். சட்ட அறிவு கிடைத்தது. ஆனால் அதை வைத்து வக்கீலாகப் பதிய முடியவில்லை.

அப்படியானால் வீட்டில் இருந்து சட்டம் படிப்பதே வீணா? இல்லை. பெங்களூர் நாகரபாவியில் தேசிய சட்டப் பள்ளி இருக்கிறது. நாட்டில் பெயர் பெற்ற சட்டக் கல்லூரி அது. வேலை செய்கிறவர்களுக்காகத் தொலைதூரப் படிப்புகளை அங்கே நடத்துகிறார்கள். மனித உரிமை, நுகர்வோர் சட்டம் போன்ற பாடங்கள் உண்டு. ஏற்கெனவே ஒரு பட்டம் வாங்கியவர்கள் சேரலாம். கம்பெனியில், பேங்கில் வேலை செய்கிறவர்களுக்கு இது உதவும். ஆனால் அதுவும் வக்கீல் பட்டம் இல்லை. சட்டம் தெரிந்துகொள்வது வேறு. கோர்ட்டில் நின்று வாதாடுவது வேறு.

சரி, வேலை செய்துகொண்டே வக்கீலாக ஆசைப்படுகிறவர் என்ன செய்வது? வழி இருக்கிறது. அது நீளமான வழி. பத்தாம் வகுப்பையும் பன்னிரண்டாம் வகுப்பையும் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் எழுதலாம். பிறகு மூன்று வருடப் பட்டம். இதைத் தபால் வழியில் படித்தாலும் செல்லும். ஆனால் பன்னிரண்டாம் வகுப்பை விட்டுவிட்டு நேரே பட்டம் வாங்கினால் சட்டக் கல்லூரியில் சேர்க்க மாட்டார்கள். இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். அதன் பிறகு மூன்று வருடம் எல்.எல்.பி. கல்லூரி வகுப்பு காலை 8 மணிக்கும் மாலை 7 மணிக்கும் இடையில்தான் நடக்க வேண்டும். வேலை நேரத்தை மாற்றிக்கொள்ள வேண்டி வரும். வேலையில் இருப்பவர் அதைக் கல்லூரியில் மறைக்காமல் சொல்ல வேண்டும். முதலாளியிடம் கடிதமும் வாங்க வேண்டும். 2024-இல் பார் கவுன்சில் இப்படி உத்தரவு போட்டது.

கணக்குப் பாருங்கள். பத்தாவது முடித்த பிறகு எட்டு வருடம். சொல்லும்போதே மூச்சு வாங்குகிறது. ஆனாலும் முடித்தவர்கள் இருக்கிறார்கள்.

படித்து முடித்ததும் பார் கவுன்சிலில் பெயர் பதிய வேண்டும். முன்பு ஒவ்வொரு மாநிலத்திலும் ஆயிரக்கணக்கில் பணம் கேட்டார்கள். 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதைத் தடுத்தது. பதிவுக் கட்டணம் 750 ரூபாய்தான். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு 125 ரூபாய். இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். வக்கீலாகத் தொழில் செய்கிறவர் வேறு இடத்தில் முழுநேரச் சம்பள வேலை பார்க்கக் கூடாது. அன்றைக்குப் பழைய வேலையை விட்டுத்தான் ஆக வேண்டும். ஆரம்பத்தில் வக்கீலுக்கு வருமானம் குறைவு. வீட்டில் பேசி முடிவு செய்ய வேண்டிய விஷயம் இது.

எட்டு வருடம் முடியாதவருக்கு ஒரு சின்ன வழி உண்டு. சட்டப் பணிகள் ஆணைக்குழு 2009 முதல் சட்டத் தன்னார்வலர்களைச் சேர்க்கிறது. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் சேரலாம். பத்தாவது படித்திருந்தால் நல்லது. பயிற்சி கொடுப்பார்கள். மனு எழுத உதவுவது, ஏழைகளை இலவச வக்கீலிடம் அழைத்துப் போவது, இதெல்லாம் அவர்கள் வேலை.

இலவச வக்கீல் யாருக்கு? பெண்களுக்கு, குழந்தைகளுக்கு, தொழிலாளர்களுக்கு, தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு, இன்னும் சிலருக்கு உண்டு. பெண்ணாக இருந்தால் வருமானம் கேட்க மாட்டார்கள். ஸ்ரீராம்புரத்து அம்மாவுக்கும் கிடைக்கும். போன் எண் 15100. இந்தப் புத்தகத்தின் அட்டையில் பென்சிலால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.