சிரம்பியடியின் மஞ்ஞா

இலங்கையில் கனமூலை என்ற ஊரிலிருந்து வடக்கே போனால் புத்தளம். அதைத் தாண்டி, அனுராதபுரம் வீதிப் பக்கம் சிரம்பியடி. ஆப்பிரிக்க வம்சாவளிக் குடும்பங்கள் சில அங்கே வாழ்கின்றன. போர்த்துக்கேயர் காலந்தொட்டு ஆங்கிலேயர் காலம்வரை அடிமைகளாகவும் சிப்பாய்களாகவும் கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததி.

வீட்டில் இப்போது சிங்களந்தான். மூத்தோர் பேசிய போர்த்துக்கேயக் கலப்புமொழி 'மஞ்ஞா' பாட்டுகளில் தங்கியிருக்கிறது. றபான், சிரட்டை, போத்தல், கரண்டி என்று பாதி அடுக்களையே வாத்தியமாகிவிடும்! மெதுவாகத் தொடங்கும் தாளம் போகப்போக ஓட்டமெடுக்கும். சும்மா இருக்க முடியாது, எழுந்து ஆடத்தான் வேண்டும். பாடுகிற இளையவர்கள் பலருக்கு வரிகளின் பொருள் முழுதாகத் தெரியாது. ஆனாலும் பாடுகிறார்கள்.

முன்னோர் மொழி இப்படி மறைந்துவிடாமல் காக்கவே வட அமெரிக்காவின் மொஹாக் மக்கள் 1979இல் அக்வசாஸ்னேயில் சொந்தப் பள்ளி தொடங்கினார்கள். சிரம்பியடிப் பிள்ளைகளோ பெரியவர்களோடு கூடிப் பாடித்தான் பழகுகிறார்கள்.