சிலம்பைச் செய்த கை



சிலப்பதிகாரம் பற்றி இன்று சில வார்த்தைகள் சொல்ல வந்திருக்கிறேன். கண்ணகியின் கற்பைப் பற்றியும் இளங்கோவின் புலமையைப் பற்றியும் என்னிலும் கற்றவர்கள் பலர் வானொலியிலே பேசியிருக்கிறார்கள். நான் பேசப்போவது அந்தக் காப்பியத்திலே பெயரும் சொல்லப்படாத, ஒரு வரியேனும் பெறாத ஒருவரைப் பற்றி. அவரை எனக்குக் காட்டித் தந்தவர் ஒரு நகைத் தொழிலாளி.

நான் ஓர் இந்துக் கல்லூரியிலே தமிழ் படிப்பிக்கும் ஆசிரியன். சென்ற ஆண்டு பதினோராந் தரத்துக்கு வழக்குரை காதையை நடத்திக்கொண்டிருந்தேன். பிற்பகல் வேளை. பிள்ளைகள் சோர்ந்திருந்தார்கள். கோவலன்மீது பழி சுமத்திய பொற்கொல்லனைப் பற்றிச் சொல்ல வந்த நான், அவர்களைச் சற்றுச் சிரிக்க வைக்கலாம் என்று எண்ணி, தாயின் பொன்னிலும் மாப்பொன் எடுப்பான் தட்டான் என்ற பழமொழியை எடுத்துவிட்டேன். வகுப்புச் சிரித்தது. சிரித்தபடியே எல்லோரும் பின்வாங்கில் இருந்த ஒரு மாணவனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவனுடைய தகப்பனார் பத்தர் என்பது அவர்களுக்குத் தெரியும். எனக்குந் தெரியும். சொல்லும்போது அது என் நினைவில் இருக்கவில்லை.

மறுநாள் அவன் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் மாலை சைக்கிளை எடுத்துக்கொண்டு அவனுடைய வீட்டுக்குப் போனேன்.

விறாந்தையின் ஒரு பக்கத்தை மறித்துப் பட்டறை போட்டிருந்தார்கள். பத்தர் உமியோட்டின் முன் குந்தியிருந்தார். “இருங்கோ மாஸ்ரர், இதை இடையிலை விடேலாது” என்றார். நானும் வாங்கிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மெல்லிய பொற்கம்பியைச் சிறு துணுக்குகளாக வெட்டி, மூசையிலே கரித்தூளுக்குள் ஒன்றோடொன்று முட்டாமல் பரப்பி நெருப்பில் வைத்தார். பொன் உருகும்போது ஒவ்வொரு துணுக்கும் தானாகவே உருண்டு மணியாகிவிடுகிறது. கரியைக் கழுவியபோது கடுகிலும் சிறிய பொன்மணிகள் அடியிலே கிடந்தன. அவற்றைச் சாமணத்தால் ஒவ்வொன்றாக எடுத்து ஒரு தோட்டின் விளிம்பிலே அடுக்கி, வெண்காரமும் பொடியும் இட்டு, ஊதுகுழலால் சுவாலையைச் செலுத்தி ஒட்டினார். சூடு சற்றே கூடினாலும் மணிகள் தோட்டோடு கரைந்துவிடுமாம். ஒரு நாள் வேலை ஒரு மூச்சிலே போய்விடும்.

அச்சில் வார்த்தவையும் இயந்திரத்தில் பின்னியவையும் கடைகளை நிறைத்திருக்கும் இந்நாளிலே, இப்படிக் கைவேலை செய்விக்க வருபவர்கள் குறைவு என்றார். பொன்னுருக்குக்கும் தாலிக்கும் உருத்திராட்சத்துக்குப் பொன் கட்டுவதற்கும்தான் ஆட்கள் தேடி வருகிறார்களாம். பொன்னுருக்கை நேயர்கள் அறிவீர்கள். நல்ல நாளிலே பத்தர் ஒரு பொற்காசை உருக்க, அந்தப் பொன்னிலே தாலி செய்வது எங்கள் வழக்கம். எந்தக் கையை நம்பித் தாலிப் பொன்னைக் கொடுக்கிறோமோ, அந்தக் கைக்கே களவுப் பழமொழி ஒன்றையும் கட்டி வைத்திருக்கிறோம்.

“பிழை என்னிலைதான், பத்தர். நான் அதைச் சொல்லியிருக்கக் கூடாது” என்றேன்.

அவர் கோபிக்கவில்லை. “அந்தப் பழமொழி எனக்குப் பழகிப்போச்சு மாஸ்ரர். பொடியன் இப்பதான் முதன்முதல் கேட்டிருக்கிறான்” என்றார். சற்றுப் பொறுத்து, “ஒண்டு கேக்கட்டே? சிலம்பை உடைச்சாப்போலைதானே உள்ளுக்குக் கிடந்தது மாணிக்கமெண்டு தெரிஞ்சது?” என்று கேட்டார்.

“ஓம்.”

“அப்ப, அதை உள்ளுக்கு வைச்சது ஆர்?”

எனக்கு விடை வரவில்லை. அவரே விளக்கினார். சிலம்பு உள்ளே குழலாக இருக்கும். பாதியைச் செய்து, பரல்களை இட்டு, மற்றப் பாதியை வைத்துப் பொருத்தை ஊதி மூடிவிடுவார்கள். மூடிய பின் வெளியே தெரிவது வேலைப்பாடு மட்டுமே. உள்ளே இருப்பவை ஒலிக்கும்; கண்ணுக்குத் தெரியா. “முத்துக்குப் பதிலாச் சிப்பித்துண்டு போட்டாலும், மாணிக்கத்துக்குப் பதிலாக் கூழாங்கல்லுப் போட்டாலும் ஆர் காணப்போகினம்? அவன் அப்பிடிச் செய்திருந்தா, கண்ணகி அரசன்ரை முன்னாலை உடைக்கேக்குள்ளை என்ன தெறிச்சிருக்கும்?”

நேயர்களே, பதினெட்டு ஆண்டுகளாக இந்தக் காதையைப் படிப்பித்து வருகிறேன். கோப்பெருந்தேவியின் சிலம்பிலே முத்துப் பரல், கண்ணகியின் சிலம்பிலே மாணிக்கப் பரல் என்று எத்தனையோ தடவை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அந்த மாணிக்கத்தை ஒரு கை வைத்து மூடியது என்று ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. மதுரையிலே ஒரு பொற்கொல்லன் பொய் சொன்னான். பெயர் தெரியாத வேறொரு பொற்கொல்லன், எவரும் திறந்து பார்க்கமாட்டார்கள் என்று தெரிந்தும், தன்னிடம் தந்த மாணிக்கத்தைக் குறையாமல் வைத்து மூடினான். கோவலன் கள்வனல்லன் என்பதற்கு அவையிலே கிடைத்த சான்று அந்த மனிதனுடைய நேர்மைதான்.

அவனுக்கு இளங்கோ ஒரு வரியும் ஒதுக்கவில்லை. ஆயினும் அவர் பட்டறையை அறியாதவரல்லர். கடலாடு காதையிலே மாதவி அணிந்த அணிகளைக் கால்விரல் தொடக்கம் தலைவரை நிரல்படச் சொல்கிறார். ஊர்காண் காதையிலே நவமணிகளின் இயல்புகளையும் குற்றங்களையும் சொல்லி, சாதரூபம், கிளிச்சிறை, ஆடகம், சாம்பூநதம் எனப் பொன்னின் நால்வகையையும் காட்டுகிறார். தொழில் தெரிந்தவர்களின் அருகிலிருந்து கேட்டறியாமல் இவ்வளவும் எழுத இயலுமா?

வீடு திரும்பும் வழியிலே இன்னொரு சங்கதி நினைவுக்கு வந்தது. 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமத்திலிருந்து இடம்பெயர்ந்து தென்மராட்சிக்குப் போனபோது நான் சிறுவன். சில வாரங்களில் கையிலிருந்த காசு முடிந்துவிட, அம்மா தன்னுடைய காப்பு ஒன்றை ஒரு பத்தரிடம் விற்றார். அவரும் எங்களைப் போலவே சுத்தியலையும் குறட்டையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு இடம்பெயர்ந்து வந்தவர். மறுநாள் அவர் நாங்கள் தங்கியிருந்த கொட்டிலைத் தேடி வந்தார். உருக்கிப் பார்த்ததிலே, தான் மதித்ததிலும் பொன்னின் மாற்றுக் கூட இருந்தது என்று சொல்லி, மிகுதிக் காசை அம்மாவின் கையிலே வைத்துவிட்டுப் போனார். அவர் வராமல் விட்டிருந்தால் எங்களுக்கு ஒருபோதும் தெரிந்திராது. வகுப்பிலே பழமொழியை எடுத்துவிட்டபோது அந்த மனிதர் என் நினைவுக்கு வரவில்லை. அதுதான் எனக்கு இன்றும் வெட்கம்.

அடுத்த திங்கட்கிழமை மாணவன் வகுப்புக்கு வந்தான். அவனுக்கும் வகுப்புக்கும் முன்னால் நான் சொன்னது தவறு என்று சொல்லி, வழக்குரை காதையை மீண்டும் நடத்தினேன். இம்முறை சிலம்பைச் செய்தவனையும் சேர்த்து. முடிவிலே உரைபெறு கட்டுரைச் செய்தியையும் சொன்னேன். பாண்டிநாடு மழையின்றி வறண்டு நோயுற, கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் பொற்கொல்லர் ஆயிரம் பேரைக் கொன்று பத்தினிக்கு வேள்வி செய்தான். பின்னர் மழை பெய்தது என்பது அந்தச் செய்தி.

அவன் எழுந்து நின்றான். “சேர், களவெடுத்தது ஒராள்தானே? அந்த ஆயிரம் பேரும் என்ன செய்தவை?”

வகுப்பிலே ஒருவரும் சிரிக்கவில்லை. பத்தினித் தெய்வத்தின் சீற்றம், அக்கால நம்பிக்கை என்றெல்லாம் சொல்லத் தொடங்கி இடையிலே நிறுத்திவிட்டேன். ஒருவன் செய்ததற்கு அவனுடைய கூட்டத்தார் எல்லோரும் பதில் சொல்லவேண்டி வருவது, இந்த நாட்டிலே வளர்ந்த நமக்குப் படித்துத் தெரிய வேண்டிய விடயமா?

கண்ணகியைத் தெய்வமாக வைத்து வணங்கும் மண் இது. வற்றாப்பளையிலே பொங்கல் பொங்குகிறோம். மட்டக்களப்பிலே கண்ணகி வழக்குரையைப் படிக்கிறோம். அவளை நினைக்கும்போது, அவளுடைய சிலம்பினுள்ளே மாணிக்கத்தை வைத்து மூடிய அந்தப் பெயரறியாக் கையையும் ஒருதரம் நினைத்துக்கொள்வோம். ஆசிரியர்களாக இருக்கும் நேயர்களுக்கு இன்னுமொரு வேண்டுகோள். பிள்ளைகளைச் சிரிக்க வைக்க ஒரு பழமொழியை எடுக்குமுன், பின்வாங்கில் யார் இருக்கிறார்கள் என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.