பிறர் பூட்டும் நம் வீட்டுக் கணினியும்

(திருப்பூரில் தமிழன்பர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)



பனியன் தைப்பவனுக்குக் கணினியைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் எண்ணக்கூடும். நான் கணினி கற்றவன் அல்லன். பத்துத் தையற்பொறிகளை வைத்துக்கொண்டு பிறர்க்குக் கூலிக்குத் தைத்துக் கொடுப்பவன். ஆயினும் என் வீட்டில் மூன்று கணினிகள் உள்ளன. அவற்றுள் இரண்டை விண்டோசினின்று இலினக்சு இயங்குதளத்திற்கு மாற்றினோம். அதிற் பட்ட பாட்டையே சொல்ல வந்தேன்.

விண்டோசு 10-க்கான பாதுகாப்பு இற்றைப்படுத்தலை மைக்ரோசாப்டு நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு நிறுத்தியது. ஓராண்டு நீட்டித்துக்கொள்ள ஒரு வழி வைத்தது; அதற்குமேல் விண்டோசு 11-க்கு மாறுக என்றது. அதுவோ, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும் அவர்கள் வகுத்த பட்டியலில் அடங்கும் நுண்செயலியும் இல்லாத கணினியை ஏற்பதில்லை. நான் கணினி வாங்கிய கடையில் கேட்டேன். "பழைய இரும்புக்குப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள்" என்றார்கள். பொறியில் ஒரு பழுதும் இல்லை! இருபதாண்டு ஓடிய ஓவர்லாக் பொறிக்கு ஊசியையும் கத்தியையும் மாற்றி இன்றும் தைக்கிறோமே. அதைச் செய்தவன், "இனி இதை ஓட்டாதே" என்று நமக்கு ஓலை விடுத்தானா?

இலினக்சு யாருடைய தனியுடைமையும் அன்று. கட்டற்ற மென்பொருள் வேண்டுமென 1983-இல் அமெரிக்கரான இரிச்சர்டு சுடால்மன் குனூ திட்டத்தை அறிவித்தார். 1991-இல் பின்லாந்து மாணவர் இலினசு டோர்வால்டுசு அதற்கேற்ற கருவகத்தை எழுதினார். எவரும் படியெடுக்கலாம், திருத்தலாம், பிறர்க்கும் கொடுக்கலாம். நம் நாட்டிற்கும் இது புதிதன்று. உமாசங்கர் மேலாண் இயக்குநராய் இருந்தபோது, 2007-ஆம் ஆண்டளவில் தமிழக அரசின் எல்காட் நிறுவனம் தன் அலுவலகக் கணினிகளை இலினக்சுக்கு மாற்றியது. 2011 முதல் மாணவர்க்கு அரசு வழங்கிய மடிக்கணினிகள் பலவற்றில், இலினக்சின்மேல் அமைந்த 'பாசு' என்னும் இயங்குதளமும் உடன் இருந்தது. என் மகளுக்குக் கிடைத்ததிலும் இருந்தது. ஒருநாளும் நாங்கள் அதைத் திறந்து பார்த்ததில்லை. குறை நம்முடையது.

மாற்றத்தை மகளே செய்தாள். இலினக்சு மின்டை ஒரு விரலியில் ஏற்றி, வன்தட்டைத் தொடாமல் விரலியிலிருந்தே கணினியை ஓட்டிப் பார்த்தாள். அச்சுப்பொறி ஓடுகிறதா, ஒலி வருகிறதா, இணையம் கிடைக்கிறதா என ஆய்ந்தாள். பின்னர்க் கோப்புகளை இரண்டு இடத்தில் படியெடுத்துவிட்டு நிறுவினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் வேலை முடிந்தது.

இடர் அன்று மாலைதான் வந்தது. என் தந்தையார் பல்லாண்டு உழைத்துப் பின்னலாடைத் தொழிற்சொற்களைத் தொகுத்து வைத்திருந்தார். கைமடித்தல், பிசிறு வெட்டுதல் என நம் தொழிலாளரே ஆக்கிய சொற்கள் அவை. எந்த அகரமுதலியையும் நோக்கி அவர்கள் ஆக்கவில்லை. அக்கோப்பைத் திறந்தால் தமிழே இல்லை! பக்கம் பக்கமாய் ஆங்கில எழுத்தும் பொருளற்ற குறியும். "அப்பாரு எழுதினதெல்லாம் போச்சாப்பா?" என்று மகள் கேட்டபோது எனக்கு நாவெழவில்லை.

போகவில்லை. தந்தையார் தட்டச்சிட்டது வானவில் எழுத்துருவில். அத்தகைய பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துக்குரிய இடத்தில் தமிழ் வடிவத்தை ஒட்டவைத்தவை. எழுத்துரு இல்லாவிடில் ஒட்டு கழன்றுவிடும். உள்ளிருப்பது ஆங்கிலமாகவே தெரியும். ஒருங்குறியிலோ தமிழுக்கென்று தனியிடம் 1991 முதலே உண்டு. 2010-இல் கோவைச் செம்மொழி மாநாட்டின்போது தமிழக அரசும் அதனை ஏற்றது. அதன்பின்னும் பழைய எழுத்துருவிலேயே எழுதிக் குவித்தோமே, நம்மை என்னென்பது? மாற்றி ஒன்றைக் கொண்டு கோப்பை ஒருங்குறிக்குக் கொணர்ந்தோம். பழையதில் கொம்பு மெய்க்கு முன்னே நிற்கும்; ஒருங்குறியில் பின்னே நிற்கவேண்டும். ஆகவே சில சொற்கள் கொம்பிழந்து நின்றன. தந்தையாரும் மகளும் அருகமர்ந்து வரிவரியாய்த் திருத்தினர். மூன்று வாரம் ஆயிற்று. இன்று அத்தொகுப்பு எந்தக் கணினியிலும் கைப்பேசியிலும் திறக்கும்.

1999-இல் அரசு வகுத்த தமிழ்99 விசைப்பலகை இலினக்சில் விலையின்றிக் கிடைக்கிறது. தட்டச்சுக்காரர்க்குப் பழைய தட்டச்சு அமைப்பும் உண்டு. பட்டியல்களையும் தமிழிலேயே காணலாம். என் இல்லத்தரசி 'கோப்பு', 'தொகு', 'சேமி' என்றே அழுத்துகிறார். ஆனால் இடையிடையே ஆங்கிலம் தலைநீட்டும். அவ்விடங்களில் மொழிபெயர்ப்பார் இல்லை, அவ்வளவே. உலகெங்கும் சிதறியிருக்கும் சிலரே ஓய்வுநேரத்தில் இதுவரை மொழிபெயர்த்தனர். சொல்லாய்வுக் கூட்டம் நடத்தும் நாம் அவர்களோடு ஒருமணிநேரம் அமர்ந்திருக்கிறோமா?

மறைக்காமல் ஒன்றைச் சொல்லவேண்டும். மூன்றாம் கணினி இன்றும் விண்டோசில்தான் ஓடுகிறது. வரிக்கணக்கைத் தணிக்கையாளர் டேலிக் கோப்பாகவே கேட்கிறார். அம்மென்பொருள் விண்டோசுக்கென ஆக்கப்பட்டது. அக்கணினியைக் கணக்கிற்கு மட்டும் வைத்துக்கொண்டோம். ஆடை வடிவமைப்புக்கும் பூத்தையலுக்கும் விண்டோசு மென்பொருளை நம்பியிருப்போர் ஓரிரவில் மாறிவிட முனையவேண்டா. முதலில் உங்கள் பழைய தமிழ்க் கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றுங்கள். அதற்கு இயங்குதளம் மாறும்வரை காத்திருக்கத் தேவையில்லை. விரலியோடு என் மகள் வாயிலருகே அமர்ந்திருக்கிறாள், வேண்டுவோர் படியெடுத்துக்கொள்ளலாம்.