சொந்த லாரி: முதலாளியா, கடனாளியா?

ஸ்டியரிங் பிடித்துக் கை காய்த்த தோழர்களே!

பிறர் லாரியை ஓட்டியது போதும், சொந்த லாரி வாங்குவோம் என்கிறோம். ஆசை நியாயமானது. ஆனால் கணக்கு எங்கே? சேஸிஸ் விலையோடு செலவு முடிவதில்லை. பாடி கட்ட வேண்டும். சாலை வரி செலுத்த வேண்டும். நேஷனல் பெர்மிட்டுக்கு ஆண்டுக்கு 16,500 ரூபாய். மொத்த எடை 12 டன்னுக்கு மேல் 20 டன் வரையுள்ள வண்டிக்கு, 2022-இல் அறிவித்த விகிதப்படி, மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் மட்டும் 35,313 ரூபாய். டயர், டீசல், சுங்கம், கிளீனர் படி வேறு.

வாடகையில் ஒரு பகுதி முன்பணமாக வரும். மீதி, சரக்கு இறக்கிய ரசீது போய்ச் சேர்ந்த பிறகே வரும். தவணை அதுவரை காத்திருக்குமா? ஆர்.சி.யில் நம் பெயரோடு கடன் கொடுத்தவன் பெயரும் இருக்கும். தவணை தவறினால் வண்டி அவனிடம் போகும். அடகு வைத்த தாலிக்கொடி மூழ்கிப் போகும். பழைய முதலாளியிடமே சாவி கேட்டு நிற்போம்.

ஆகவே, மூன்று மாதத் தவணைப் பணம் கையில் இல்லாமல் கையெழுத்துப் போட வேண்டாம். 2015-இல் தொடங்கிய முத்ரா திட்டத்தில் பிணையின்றிக் கடன் தர இடமிருக்கிறது. தனியாகப் போனால் ஊர் எது, சொத்து எங்கே என்று திருப்பி அனுப்புவார்கள். சங்கமாகப் போவோம், விதியைக் காட்டிக் கேட்போம். நாம் கேட்பது பிச்சையல்ல, உரிமை!