மீன் சொல்லும் சாட்சி

  

கேரளத்தில் கொச்சி நகரத்துக்குப் பக்கத்தில் ஏலூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. பெரியாற்றின் கரையில் உள்ள ஊர். அங்கும், அருகே உள்ள எடையாரிலும் பல ரசாயனத் தொழிற்சாலைகள் இருக்கின்றன. ஆற்றில் மீன் பிடித்துப் பிழைப்பவர்களும் அங்கே இருக்கிறார்கள். ஆற்றுக்குள்ளேயே வலைக்கூண்டு கட்டி மீன் வளர்ப்பவர்களும் இருக்கிறார்கள்.

2024ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் தேதி. மழைக்காலம் நெருங்கும் நேரம். பாதாளம் என்ற இடத்தில் ஆற்றின் குறுக்கே இருக்கும் மதகுகளைத் திறந்து விட்டார்கள். அன்று இரவு மீன்கள் செத்து மிதக்கத் தொடங்கின. விடிந்து பார்த்தால் நீரின் மேல் எங்கும் செத்த மீன்கள். ஆற்று மீனாவது கொஞ்சம் விலகி ஓடலாம். கூண்டுக்குள் இருந்த மீன் எங்கே ஓடும்? பணம் போட்டுக் குஞ்சு விட்டவர்கள், விற்கும் அளவுக்கு வளர்ந்த மீனைக் கூடை கூடையாக அள்ளிப் புதைத்தார்கள்.

மீன் ஏன் செத்தது? இதற்கு இரண்டு பதில்கள் வந்தன. நீரில் பிராணவாயு குறைந்துவிட்டது, அதனால் மீன் செத்தது என்றது மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். நீரில் அமோனியாவும் சல்பைடும் ஆபத்தான அளவில் இருந்தன என்றது கேரள மீன்வளப் பல்கலைக்கழகத்தின் குழு. முதல் பதில் மூச்சு முட்டியது என்கிறது. இரண்டாவது பதில் விஷம் என்கிறது.

இது வெறும் படிப்பாளிகள் சண்டை அல்ல. மூச்சு முட்டிச் செத்தது என்றால் மழையைச் சொல்லலாம், மதகைச் சொல்லலாம். விஷத்தால் செத்தது என்றால் விஷத்தை விட்டவர் யார் என்று கேட்க வேண்டும். நஷ்ட ஈடு யாரிடம் கேட்பது என்பதும் அதில்தான் இருக்கிறது.

மீனும் நம்மைப் போல மூச்சு விடுகிறது. நீரில் கரைந்திருக்கும் பிராணவாயுவைச் செவுளால் எடுத்துக் கொள்கிறது. சாக்கடை, ஆலைக் கழிவு, அழுகிய செடி கொடி எல்லாம் நீரில் சேர்ந்தால் அவை மக்கும்போது அந்தப் பிராணவாயு தீர்ந்து போகும். அப்போது மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். விடியற்காலையில் இதை அதிகம் காணலாம். பெரும்பாலும் பெரிய மீன்கள் முதலில் சாகும். பூச்சி மருந்து போன்ற விஷம் என்றால் பெரும்பாலும் சின்ன மீன்கள் முதலில் சாகும். அனுபவமுள்ள மீனவர்களுக்கு இந்த அடையாளங்கள் தெரியும். ஆனால் வழக்கு என்று வந்தால் அடையாளம் மட்டும் போதாது. அளந்து சொன்ன எண் வேண்டும்.

அந்த எண்ணைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை இருக்கிறது. பல நாடுகள் சேர்ந்து அதற்கு விதிமுறை எழுதியிருக்கின்றன. நம் நாட்டின் தர நிர்ணய அமைப்பும் முறை வகுத்திருக்கிறது. சோதனை நான்கு நாட்கள் நடக்கும். அதாவது 96 மணி நேரம்.

முதலில் மீன் வேண்டும். கெண்டை, ரோகு, கட்லா போன்ற நன்னீர் மீன்களின் குஞ்சுகளை எடுப்பார்கள். எல்லாம் ஒரே அளவாக இருக்க வேண்டும். கொண்டு வந்த அன்றே சோதிக்க மாட்டார்கள். பயணத்தில் அலுத்த மீன் விஷம் இல்லாமலே சாகும். அதனால் ஒரு வாரத்துக்கு மேல் நல்ல நீரில் விட்டுப் பழக்குவார்கள். அந்த நாட்களில் ஒரு வாரத்துக்குள் 100க்கு 10 மீனுக்கு மேல் செத்தால் அந்தக் கூட்டம் முழுவதையும் ஒதுக்கி விடுவார்கள். நோயாளியைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவதில்லை.

நீரிலும் கவனம் வேண்டும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். மனிதருக்கு நன்மை செய்யும் குளோரின் மீனைக் கொன்று விடும். அதனால் குளோரினைப் போக்கிய பிறகே நீரைத் தொட்டியில் நிரப்புவார்கள்.

சோதனைக்கு ஒரு நாள் முன்பே தீனியை நிறுத்தி விடுவார்கள். நான்கு நாளும் தீனி கிடையாது. இது கொடுமையாகத் தோன்றும். ஆனால் மிச்சத் தீனியும் மீனின் கழிவும் நீரைக் கெடுக்கும், அமோனியாவை உண்டாக்கும். பிறகு மீன் எதனால் செத்தது என்று யார் சொல்ல முடியும்?

இப்போது தொட்டிகளைப் பார்ப்போம். ஆறு தொட்டிகள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் 10 மீன்கள். முதல் தொட்டியில் வெறும் நல்ல நீர். மருந்து ஒரு துளியும் இல்லை. மற்ற ஐந்திலும் ரசாயனம் கலந்திருக்கும், படிப்படியாக அதிகமாக. உதாரணத்துக்கு, லிட்டருக்கு 1 மில்லிகிராம், அடுத்ததில் 2, பிறகு 4, 8, 16. ஒரு மில்லிகிராம் என்றால் ஒரு கிராமில் 1,000 பங்கில் ஒரு பங்கு. மிகச் சிறிய அளவு என்றே வைத்துக் கொள்ளலாம்.

மருந்து இல்லாத அந்த முதல் தொட்டி எதற்கு? அதுதான் இந்தச் சோதனையின் நாணயம். அதில் 10 மீனில் ஒன்றுக்கு மேல் செத்தால் சோதனையே செல்லாது. நீரிலோ மீனிலோ வேறு குறை இருக்கிறது என்று பொருள். மறுபடி தொடங்க வேண்டும்.

பிராணவாயுவையும் அளந்துகொண்டே இருப்பார்கள். நீர் தாங்கக் கூடிய அளவில் 100க்கு 60 பங்குக்குக் குறையக் கூடாது. ஏலூரில் கிளம்பிய கேள்விக்குத் தொட்டியில் இப்படித்தான் பதில் தேடுகிறார்கள். மூச்சுக்குக் குறை இல்லை. அப்படியும் மீன் செத்தால், கொன்றது நீரில் கலந்த பொருள்தான்.

24 மணிக்கு ஒரு முறை, 48, 72, 96 மணிக்கு ஒவ்வொரு முறை என்று எண்ணுவார்கள். செவுள் அசைகிறதா? வால் பக்கம் லேசாகத் தொட்டால் நகர்கிறதா? இரண்டும் இல்லை என்றால் செத்தது என்று எழுதி, உடனே வெளியே எடுப்பார்கள். சாகாத மீனையும் பார்ப்பார்கள். சாய்ந்து நீந்துகிறதா, வேகமாக மூச்சு வாங்குகிறதா என்று குறித்துக் கொள்வார்கள்.

நான்காம் நாள் கணக்குப் போடுவார்கள். 1 மில்லிகிராம் தொட்டியில் யாரும் சாகவில்லை. 2இல் ஒன்று செத்தது. 4இல் ஐந்து. 8இல் ஒன்பது. 16இல் பத்தும். அப்படியானால் பாதி மீனைக் கொல்லும் அளவு லிட்டருக்கு 4 மில்லிகிராம். இதுதான் அந்த எண்.

இந்த எண்ணைப் படிக்கும்போது பலரும் தடுமாறுவார்கள். எண் பெரிதாக இருந்தால் விஷமும் பெரிது என்று நினைப்பார்கள். அது தலைகீழ். எண் சின்னதாக இருந்தால்தான் விஷம் கடுமை. கொஞ்சமே போதும், பாதி மீன் சாகும் என்று பொருள். 100 மில்லிகிராம் கலந்தும் மீன் சாகவில்லை என்றால் அதற்கு மேல் சோதிப்பதை நிறுத்தி விடுவார்கள்.

எண்டோசல்ஃபான் என்ற பூச்சி மருந்தை எடுத்துக் கொள்வோம். பல மீன் இனங்களில் பாதியைக் கொல்ல லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் போதும். சில இனங்களுக்கு 1 மைக்ரோகிராம் அளவே போதும். மைக்ரோகிராம் என்றால் கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஒரு குளம் 40 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழம் என்று வைப்போம். அதில் பத்து லட்சம் லிட்டர் நீர் நிற்கும். அந்தக் குளம் முழுவதும் அந்த அளவை எட்ட 1 கிராம் மருந்து போதும்.

இந்த மருந்தைக் கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்தில் அரசு முந்திரித் தோட்டங்கள் மேல் ஹெலிகாப்டரில் தெளித்தார்கள். 1970களின் கடைசியில் தொடங்கி 2000 வரை இது நடந்தது. தோட்டத்துக்குப் பக்கத்தில் கிணறு இருந்தது, ஓடை இருந்தது, வீடு இருந்தது. பின்னால் அந்தக் கிராமங்களில் குறையோடு பிறந்த குழந்தைகளைப் பற்றி நாடே பேசியது. 2011 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் இந்த மருந்துக்குத் தடை போட்டது. 2017 ஜனவரியில், பாதிக்கப்பட்டவர்களுக்குத் தலா 5 லட்சம் ரூபாய் கொடுக்கும்படி உத்தரவிட்டது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மீன் சோதனை நான்கு நாள் சோதனை. இன்று எவ்வளவு பட்டால் சாவு என்று மட்டும்தான் அது சொல்லும். கொஞ்சம் கொஞ்சமாக இருபது வருடம் குடித்தால் என்ன ஆகும் என்று அது சொல்லாது. முட்டை பொரியுமா, குஞ்சு ஊனமாகுமா என்றும் சொல்லாது. அதற்கு வேறு நீண்ட சோதனைகள் வேண்டும். “எங்கள் கழிவில் மீன் சாகவில்லை” என்று ஒருவர் சொன்னால் அதை நம்பலாம். அதனால் அந்த நீரைக் குடிக்கலாம் என்று அவர் சொன்னால் நம்பக் கூடாது.

நீருக்கு நீர் கணக்கும் மாறும். செம்பு உப்பு கடின நீரில் குறைவாகக் கொல்லும், மென்மையான நீரில் அதிகம் கொல்லும். காரம் மிகுந்த நீரில் அமோனியா கொடிய விஷமாகும். ஓர் இடத்து எண்ணை அப்படியே இன்னோர் ஆற்றுக்குச் சொல்லிவிட முடியாது.

ஆனாலும் சட்டம் இந்த மீனை மதிக்கிறது. 1993இல் வந்த மத்திய அரசு விதிகளில் ஆலைக் கழிவுக்கு ஒரு நிபந்தனை உண்டு. நல்ல நீர் எதுவும் கலக்காத கழிவு நீரில் மீனை விட வேண்டும். 96 மணி நேரம் கழித்து 100க்கு 90 மீன் உயிரோடு இருக்க வேண்டும். தொழிற்சாலைக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் பலருக்கு இந்த விதி தெரியாது. கழிவின் மீன் சோதனை முடிவு என்ன என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தைக் கேட்கலாம். 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கேட்கலாம்.

வயலுக்கு மருந்து அடிப்பவர்களுக்கும் ஒரு விஷயம். மருந்து டப்பாவில் முக்கோண வண்ணம் இருக்கும். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை. சிவப்பு மிகக் கடுமை, பச்சை குறைவு. ஆனால் அந்த வண்ணம் எலி போன்ற பாலூட்டிகளை வைத்துக் கணக்கிட்டது. மீனை வைத்து அல்ல. சைப்பர்மெத்ரின் போன்ற மருந்துகள் மனிதரைவிட மீனைப் பல மடங்கு கடுமையாகத் தாக்கும். அதனால் வண்ணத்தோடு நிறுத்தாமல், மீனைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்றும் துண்டுத் தாளைப் படித்துப் பார்க்க வேண்டும். தெளிப்பானைக் குளத்தில் கழுவவே கூடாது.

சோதனைக்காக மீனைக் கொல்வது சரியா என்ற கேள்வியும் எழுந்திருக்கிறது. நியாயமான கேள்வி. இப்போது மீன் முட்டைகளை வைத்தும், ஆய்வகத்தில் வளர்த்த செவுள் செல்களை வைத்தும் சோதிக்கும் முறைகள் வந்துவிட்டன.

ஊர்க் குளத்திலோ ஆற்றிலோ மீன் செத்து மிதந்தால் என்ன செய்வது? விஷம் ஓடும் நீரோடு போய்விடும். நாளைக்கு எடுத்த நீரில் ஒன்றும் இருக்காது. அதனால் அப்போதே நீர் எடுக்க வேண்டும். பிராணவாயுவை அந்த இடத்திலேயே அளக்க வேண்டும் என்பதால் மீன்துறைக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் உடனே தகவல் கொடுக்க வேண்டும். மீன் செத்த இடத்தில் ஒரு பாட்டில், அதற்கு மேல் பக்கம் நல்ல நீர் வரும் இடத்தில் ஒரு பாட்டில். கழுவிய கண்ணாடிப் பாட்டிலில் கழுத்து வரை நிரப்பி, ஐஸில் வைக்க வேண்டும். செத்து அழுகியதைவிட, துடித்துக் கொண்டிருக்கும் மீன் நல்ல சாட்சி. பாட்டில் மேல் ஒரு சீட்டு ஒட்டி, எந்த இடம், எந்தத் தேதி, எத்தனை மணி, எடுத்தவர் யார் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.