பாக்டீரியாவை மேய்வது யார்?

(சங்கரன்கோவில் உழவர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



புற்று மண்ணைப் பிரசாதமாகத் தரும் ஊரில் மண்ணைப் பற்றிப் பேச எனக்குச் சற்றுக் கூச்சம்தான். காலையில் ஒரு பெரியவர் கேட்டார்: "உளுந்து விதையில் ரைசோபியம் கலந்தேன். அத்தனை கோடி பாக்டீரியாவும் எங்கே போச்சு?" ஒரு பகுதி வேரில் குடியேறியிருக்கும். பெரும்பகுதியை மண்ணிலுள்ள ஓரணு உயிர்கள் தின்றிருக்கும், ஐயா.

இதைப் புரிந்துகொள்ளக் கடலைப் பார்ப்பது நல்லது. தூத்துக்குடிக்குப் போகும்போது நினைத்துக்கொள்ளுங்கள். கரையோரக் கடல்நீர் ஒரு மில்லியில் சுமார் 10 லட்சம் பாக்டீரியா இருக்கும். பாசிகள் கசியவிடும் கரைந்த உணவை உண்டு அவை ஓரிரு நாளில் இரட்டிக்கும். ஆனாலும் எண்ணிக்கை அவ்வளவாக ஏறுவதில்லை. ஆடுகள் ஓயாமல் குட்டி போட்டும் மந்தை பெருகவில்லை என்றால் நரி வருகிறது என்றுதானே பொருள்? சாட்டை போன்ற இழையை வீசி நீந்தும் ஓரணு உயிர்களே அந்த நரிகள். வைரஸ்களும் ஒரு பங்கு கொல்கின்றன. தின்ற உயிர்கள் வெளிவிடும் அம்மோனியா மறுபடி பாசிக்கு உரமாகிறது. இந்தச் சுழற்சியை 1983-இல் ஃபாரூக் ஆசம் என்ற கடலியல் அறிஞரும் அவருடைய கூட்டாளிகளும் விளக்கி எழுதினார்கள்.

மண்ணிலும் இதே கதைதான். இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் நிலையத்தில் 1909-இல் ரஸ்ஸல், ஹட்சின்சன் இருவரும் இந்த ஓரணு உயிர்களை வளத்தின் பகைவர்கள் என்றே கருதினர். அது பாதி உண்மைதான். பாக்டீரியா தழைச்சத்தைத் தன் உடலில் பூட்டி வைத்துக்கொள்ளும். செத்தாலோ, தின்னப்பட்டாலோதான் அது பயிருக்குக் கிடைக்கும். 1985-இல் சுவீடனின் மரியான் கிளார்ஹோம், ஓரணு உயிர்கள் இருந்த மண்ணில் கோதுமை அதிகத் தழைச்சத்து எடுத்ததைக் காட்டினார். ஆகவே, தின்னப்பட்ட ரைசோபியம் முழு நட்டமல்ல. ஆனால் நாம் காசு கொடுத்து வாங்கியது வேரில் முடிச்சுப் போடுவதற்காக அல்லவா? அதனால் தப்பிக்க வழி செய்யவேண்டும்.

மண்ணின் மிக நுண்ணிய துளைகளுக்குள் ஓரணு உயிர்கள் நுழைய முடியாது. அங்கே புகுந்த பாக்டீரியா பிழைக்கும். வெறும் தண்ணீரில் கரைத்து ஊற்றாமல், எக்டேருக்கு 10 பொட்டலம், அதாவது 2 கிலோவை, 25 கிலோ மக்கிய தொழு உரமும் 25 கிலோ மண்ணும் கலந்து விதைப்புக்கு முன் தூவுங்கள். விதையில் கலப்பதானால் ஆறிய கஞ்சியில் கலந்து, நிழலில் உலர்த்தி, 24 மணி நேரத்துக்குள் விதைத்துவிடுங்கள். பூசணக்கொல்லி போட்ட விதை என்றால், அதற்கு ஒரு நாள் கழித்தே ரைசோபியம் கலக்கவேண்டும். பொட்டலத்தை வெயிலில் வைக்காதீர்கள். பலர் வண்டியிலேயே விட்டுவிடுகிறார்கள்.