முதலில் கேட்போம், பிறகு செய்வோம்



நம் இடைநிலைப் பள்ளிகளில் 2017-ஆம் ஆண்டு, முதலாம் படிவத்தில் ‘வடிவமைப்பும் தொழில்நுட்பமும்’ என்ற பாடம் தொடங்கப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டில், பினாங்கு ஜார்ஜ்டவுனில், கொம்தார் கட்டடத்தில் டெக் டோம் அறிவியல் மையம் திறக்கப்பட்டது. பிள்ளைகள் பொறிகளைத் தொட்டு இயக்கிப் பார்ப்பதற்காக அமைக்கப்பட்ட இடம் அது. பார்த்து வந்த பிள்ளை, “நானும் ஒன்று செய்யப் போகிறேன்” என்று சொல்லும். அப்போது நாம் கேட்க வேண்டியது, “யாருக்காக?” என்பதுதான்.

தென்னாப்பிரிக்காவில் 1993-ல் ‘கியூ டிரம்’ என்ற தண்ணீர்ப் பீப்பாயை வடிவமைத்தார்கள். அதன் நடுவில் ஒரு துளை உண்டு. துளையில் கயிற்றைக் கோத்து இழுத்தால் பீப்பாய் உருண்டு வரும். அது 50 லிட்டர் கொள்ளும். அதாவது 50 கிலோ தண்ணீர். தலையில் ஏற்றினால் கழுத்து தாங்காது. உருட்டினால் பாரத்தை நிலம் தாங்கிக்கொள்ளும். ஆனால் தேவைப்பட்ட ஏழைகளுக்கு அதன் விலை எட்டவில்லை என்ற குறையும் எழுந்தது. ஆகவே விலையும் வடிவமைப்பில் ஒரு பகுதியே.

பாரம் என்றால் என்னவென்று நமக்குத் தெரியாதா? காண்டாக் கம்பில் பால் வாளிகளைச் சுமந்த தோள்கள் நம் வீட்டுத் தோள்கள். எனவே, “எனக்குப் படிப்பில்லை” என்று பெற்றோர் ஒதுங்க வேண்டாம். பிள்ளைக்கு முதல் பாடம் சொல்லத் தகுந்தவர்கள் நாமே.

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். பாட்டியால் தண்ணீர் வாளியைத் தூக்க முடியவில்லை. பிள்ளை உடனே சக்கர வண்டி செய்ய நினைக்கிறது. பாட்டியைக் கேட்டால், “நடப்பது சிரமமில்லை, கண்ணு. குனிந்து எடுப்பதுதான் முடியவில்லை” என்கிறார். அப்படியானால் தேவை வண்டியன்று. குழாயடியில் முழங்கால் உயரத்துக்கு ஓர் உறுதியான மேடை. உயரத்தை அளந்து, தாளில் வரைந்து, பழைய பலகையில் செய்து, பாட்டியிடம் கொடுத்துப் பார்க்கட்டும். ஆடினால் திருத்தட்டும்.

மதிப்பெண்ணுக்காகக் கடையில் ஆயத்தப் பொருளை வாங்கிக் கொடுத்தால், கேட்பதும் அளப்பதும் திருத்துவதும் பிள்ளைக்குக் கிடைக்காமல் போய்விடும்.

இந்த வாரம் உங்கள் பிள்ளையை வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் உட்காரவைத்து, “உங்களுக்கு எந்த வேலை சிரமம்?” என்று கேட்கச் சொல்லுங்கள். பதிலை நோட்டில் எழுதட்டும். அடுத்த பேச்சில் அளவெடுப்பதைப் பற்றிப் பார்ப்போம்.